மூணு ரிங் அடித்தால் விருந்தாளி

சிவப்புப் பொத்தான் உள்ளே போனது போனதுதான். வெளியே வரவில்லை.

பஜார் ரோட்டின் நட்டநடுவில், அரிசி லாரிக்கும் தள்ளுவண்டிக்கும் இடையே நின்றுகொண்டு, அப்துல் ஜலீல் அதை நகத்தால் நெம்பிப் பார்த்தார். காதில் ரிங் போய்க்கொண்டிருந்தது. ஒன்று. இரண்டு. இரண்டோடு நிறுத்தியாக வேண்டும். மூன்றாவது அடித்துவிட்டால் வீட்டில் விருந்துச் சமையல் தொடங்கிவிடும். நாலாவது அடித்தால் யாராவது எடுத்துப் பேசியே விடுவார்கள்.

வேறு வழியில்லை. போனைக் குப்புறக் கவிழ்த்து, மூடியைக் கழற்றி, பாட்டரியைப் பிடுங்கினார்.

“என்ன இக்கா, குடலை உருவறது என் வேலையாச்சே. நீங்க எதுக்குப் போனுக்குச் செய்றீங்க?” என்றாள் அமுதவள்ளி.

அமுதவள்ளி மீன்காரி. அந்தத் தெருவுக்கே ஜலீல் ‘இக்கா’, அண்ணன்; அவர் மனைவி ‘இத்தா’, அக்கா. ஒரு கையால் அவருடைய பையில் ஒரு கிலோ மத்தியைச் சரித்துக்கொண்டே மறு கையால் தன் போனில் எதையோ தட்டிக்கொண்டிருந்தாள்.

“பொத்தான் போச்சு அமுதா. இனி மிஸ்டு கால் எப்படிக் கொடுப்பேன்?”

“பேசிட்டா போச்சு.”

ஜலீல் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். மீன் செதிலோடு போனைத் தொடுகிறவளுக்கு இதெல்லாம் எங்கே புரியப் போகிறது?

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். மட்டாஞ்சேரியில் சுக்கு மொத்த வியாபாரம் செய்கிற ஜலீலும் அவர் மனைவி சுல்ஃபத்தும் பதினெட்டு வருஷமாகப் போனில் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. சண்டையெல்லாம் இல்லை. தேவைப்படவில்லை. ஒரு ரிங் என்றால், கடையை விட்டுக் கிளம்பிவிட்டேன். இரண்டு என்றால், மீன் வாங்கிவிட்டேன், தேங்காய் அரைத்து வை. மூன்று என்றால், கூட விருந்தாளி வருகிறார். வீட்டிலிருந்து பதிலுக்கு ரிங் வந்தால் ‘சரி’ என்று அர்த்தம். அதை எடுக்கக் கூடாது, கட் பண்ண வேண்டும். இவ்வளவுதான் இலக்கணம். இதை வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்தையே ஓட்டிவிட்டார் மனிதர்.

ஓட்டியதும் சாதாரணமாக இல்லை. ஜலீல் படியேறும்போது குழம்பு கொதித்து இறங்கிக்கொண்டிருக்கும். விருந்தாளி செருப்பைக் கழற்றுவதற்குள் வாழை இலை விரித்திருக்கும். ஒரு தடவை மூணு ரிங் கொடுத்து இரண்டு பேரை அழைத்துப் போனார். சரியாக இரண்டு கூடுதல் இலை. இது எப்படி என்று தெருவே வியக்கும். தெருவை விட அதிகமாக ஜலீல் வியப்பார்.

“ஆயுசுக்கும் இன்கமிங் ஃப்ரீன்னு ரெண்டு சிம் வாங்கினேன். அவ போன்ல இன்னிக்கு வரைக்கும் ஒரு ரூபா ரீசார்ஜ் பண்ணது கிடையாது. வெறும் மணி அடிக்கிறதுக்கு எதுக்கு ரீசார்ஜ்?” என்று சாயாக்கடையில் சொல்லுவார். பிறகு சுற்றிலும் போனில் தலை கவிழ்ந்திருப்பவர்களைப் பார்த்து, “இப்படியே போனா உங்க பேரப்பிள்ளைங்க கழுத்து வளைஞ்சேதான் பொறக்கும்” என்பார். சாயாக்கடை ரயீஸ் தலையை நிமிர்த்தாமலே ஆமோதிப்பான்.

பொத்தான் போன நேரம்தான் சரியில்லை. வருகிற சனிக்கிழமை மகள் நிஸாவைப் பெண் பார்க்க ஆலுவாவிலிருந்து வருகிறார்கள். டயர் வியாபாரிக் குடும்பம். இதற்கு முன் பார்த்த இரண்டு வீட்டையும் வேண்டாமென்று எழுந்து வந்தவர்களாம். ஒரு வீட்டில் சாயா வரத் தாமதம். இன்னொன்றில் ஒரு தட்டு குறைச்சல். ஜலீல் நேரில் போய் அழைத்து வருவதாக ஏற்பாடு. புறப்படுகிற நேரமும் வருகிற தலைகளின் எண்ணிக்கையும் வீட்டுக்குத் துல்லியமாகத் தெரிந்தாக வேண்டும். நிஸாவுக்கோ அந்தப் பையனைப் பிடித்துப் போயிருந்தது. போட்டோவை மூன்று முறை “சரியா தெரியலை வாப்பா” என்று வாங்கிப் பார்த்துவிட்டாள்.

புதன்கிழமை ஜலீல் பொத்தானைச் சரி பண்ணப் படகேறி அக்கரையிலிருக்கும் கலூருக்குப் போனார். ரிப்பேர்க்காரன் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, பக்கத்துக் கடைக்காரனைக் கூப்பிட்டுக் காட்டினான். அவன் இன்னொருவனைக் கூப்பிட்டான். மூவரும் நின்று தரிசித்தார்கள்.

“இதுக்குப் பொத்தான் கிடைக்காது. போனையே வேணும்னா மியூசியத்துல கேட்டுப் பாருங்க.”

வெளியே வந்தால் பஸ் ஸ்டாண்டில் தேனிக்காரர்கள் இருவர், பழைய வாடிக்கை. “சாப்பிட்டுத்தான் போகணும்” என்று ஜலீல் கையைப் பிடித்துக்கொண்டார். மூணு ரிங் கொடுத்துப் பாட்டரியைப் பிடுங்கினார். மறுபடி மாட்டியதும் வீட்டிலிருந்து ரிங் வந்தது. சரி. மூவரும் ஆட்டோ பிடித்து, தோப்பும்படிப் பாலம் வழியாகச் சுற்றி, பின்பக்கச் சந்தில் வந்து இறங்கினார்கள்.

வீட்டில் கஞ்சியும் பயறும் இருந்தன. அதுவும் இரண்டு பேருக்கு.

பதினெட்டு வருஷத்தில் முதல் தடவை. தேனிக்காரர்கள் கஞ்சியை நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். அப்படிச் சொன்னதுதான் ஜலீலுக்குத் தாங்கவில்லை.

“மூணு ரிங் வரலியா?” என்று அடுக்களையில் கிசுகிசுத்தார்.

சுல்ஃபத் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “நீங்க கலூர் போறதை ஏன் சொல்லலை?”

“ரிங்குக்கும் கலூருக்கும் என்ன சம்பந்தம்?”

அவள் கரண்டியை எடுத்துக் கஞ்சியைக் கிளறத் தொடங்கினாள்.

“போன்தான் கெட்டுப் போச்சு. பாட்டரியைப் பிடுங்கினா ரிங் பாதில அறுந்து போகுது போல. நாளைக்கே ஸ்மார்ட்போன் வாங்கிடறேன்.”

சுல்ஃபத்தின் கையிலிருந்த கரண்டி நின்றது. “உங்களுக்கு எதுக்குங்க அது? வேண்டாமே! கழுத்து வளைஞ்சு போகும்.”

தன் வார்த்தையே தனக்கு எதிராக வரும்போதுதான் மனிதனுக்கு வீம்பு பிறக்கிறது.

வியாழக்கிழமை கலூரில் ஒரு பெரிய போன் கடைக்குள் நுழைந்ததும் ஜலீல் செருப்பைக் கழற்றிவிட்டார். அவ்வளவு பளபளப்பு. நாலு பக்கமும் கண்ணாடி. கண்ணாடிக்குள் வரிசை வரிசையாகப் போன்கள், ஒவ்வொன்றிலும் ஒரு அருவி, ஒரு கிளி, ஒரு பனிமலை. சத்தமே இல்லாமல் அருவி கொட்டிக்கொண்டிருந்தது. “படச்சவனே” என்றார் மெதுவாக.

“செருப்புப் போட்டுக்கலாம் அங்கிள்” என்றாள் கடைப் பெண். பெயர் ஸுப்ரியா, பாலக்காட்டுத் தமிழ்ப் பெண். “எந்த மாதிரிப் போன் பார்க்கறீங்க?”

“மிஸ்டு கால் கொடுக்கிறதுக்கு எதும்மா நல்லது?”

ஸுப்ரியா ஆறு மாதமாக அந்தக் கடையில் இருக்கிறாள். கேமரா கேட்டவர்கள் உண்டு, கேம் கேட்டவர்கள் உண்டு. இது புதிது.

“எல்லாத்துலயும் கால் பண்ணலாம் அங்கிள்.”

“கால் வேண்டாம்மா. மிஸ்டு கால்.”

“இப்போ பேசறது எல்லாம் ஃப்ரீ. மாசம் ஒரு தடவை ரீசார்ஜ் பண்ணிட்டா எவ்வளவு நேரம் வேணும்னாலும் பேசலாம்.”

“கல்யாணமாகி இருபத்தேழு வருஷம் ஆச்சு மோளே. என்ன பேசறது?”

அவள் ஒரு போனை எடுத்து நீட்டினாள். அவர் அதைச் சட்டைப் பையில் போட்டு, கையையும் உள்ளே விட்டு, கூரையைப் பார்த்தபடி விரலை ஓட்டினார். வெளியே எடுத்தபோது போன் யாரிடமோ தானாகவே பேசிக்கொண்டிருந்தது.

“இதுல பொத்தானே இல்லையே! பாக்கெட்டுக்குள்ளேயே, கண்ணால பார்க்காம, எண்ணிக் கட் பண்ணணும்.”

“அங்கிள்... நீங்க என்ன தொழில் பண்றீங்க?”

“சுக்கு.”

அவள் நிம்மதியாக மூச்சு விட்டாள்.

இரண்டாவது போன் பெரிது, பாக்கெட்டில் நிற்கவில்லை. மூன்றாவது அவர் இருமியதைக் கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் சொன்னது. “வாயாடிப் போன் வேண்டாம்” என்றார். நாலாவது விரல் வைத்தால் திறக்கும் என்றாள் ஸுப்ரியா. உரியவர் விரலுக்கு மட்டும். உலகத்தில் வேறு யார் விரலுக்கும் திறக்காது.

இங்கேதான் ஜலீல் விழுந்தார். “என் விரலைத் தெரியுமா இதுக்கு?”

“முதல்ல பதிய வைக்கணும் அங்கிள்.” கட்டை விரலை வைத்தார். தெரியவில்லை. ஆள்காட்டி விரல். தெரியவில்லை. முப்பது வருஷமாகச் சுண்ணாம்பு பூசிய சுக்கை அள்ளி அள்ளி விரல் நுனிகள் கூழாங்கல்லாகிவிட்டிருந்தன. ரேகை என்று ஒன்று இருந்த அடையாளமே இல்லை. கடையில் இருந்தவர்கள் சுற்றி நின்றுவிட்டார்கள். ஒன்பது விரலும் தோற்று, பத்தாவதாக இடது கைச் சுண்டு விரலை வைத்ததும் அது பதிந்து, போன் பூப்போலத் திறந்தது.

ஜலீல் அந்த விரலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். பிறந்ததிலிருந்து அது ஒரு வேலையும் செய்ததில்லை. இந்த ஒரு நாளுக்காகவே காத்திருந்ததுபோல் இருந்தது.

“இதையே கொடுங்க” என்றார் தழுதழுத்து.

ஸுப்ரியா சிம்மை மாற்றி, வாட்ஸப் போட்டு, பழைய போனிலிருந்த இரண்டே இரண்டு பெயரையும் ஏற்றினாள். ‘கடை.’ ‘வீடு.’ பிறகு திரையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள்.

“அங்கிள், ‘வீடு’ன்னு போட்டிருக்கறது யாரு?”

“என் பெண்டாட்டி.”

“ஓ.” அவள் போனை மெல்லத் திருப்பிக் காட்டினாள். “நல்ல மீசை.”

‘வீடு’ என்ற எழுத்துக்கு மேலே, ஒரு வட்டத்துக்குள், சிவப்பு பஸ்ஸில் சாய்ந்தபடி, கறுப்புக் கண்ணாடியோடு ஒருவன் சிரித்துக்கொண்டிருந்தான். மீசை இரண்டு பக்கமும் வட்டத்தைத் தாண்டிப் போயிருந்தது.

ஜலீல் திரையிலிருந்த மீசையை விரலால் துடைத்துப் பார்த்தார். பிறகு, “இந்தப் போன் பிசகு. வேற கொடுங்க” என்றார்.

வேறு போன். அதே சிம், அதே சுண்டு விரல். அதே மீசை.

“மீசை வராத கம்பெனி எதும்மா?”

“எல்லாக் கம்பெனிலயும் இந்த நம்பருக்கு இந்த மீசைதான் வரும் அங்கிள்.” அவளுக்கே பாவமாக இருந்தது. “பேசிப் பார்த்துடலாமா?” என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள்.

ஒன்று. இரண்டு. மூன்று. ஜலீலின் விரல் பழக்கதோஷத்தில் சிவப்புப் பொத்தானைத் தேடியது. நாலு.

“ஹலோ!” மலையாளத்தில் ஒரு கர்ஜனை வந்தது. பின்னால் பஸ் ஹார்ன். “கட் பண்ணாதே! பண்ணாதே! ஆறு வருஷமா உன்னைத் தேடிட்டிருக்கேன்!”

ஆள் பெயர் சுதீர். ஆலுவா வழியில் பஸ் ஓட்டுகிறவன். அவன் மலையாளத்தில் கொட்டியதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: “புது சிம் வாங்கின நாள்லேருந்து தினமும் மத்தியானம் ஒரு ரிங். சில நாள் ரெண்டு. திருப்பிக் கூப்பிட்டா உடனே கட். யாரு அவள்னு கேட்டு என் பெண்டாட்டி ரெண்டு தடவை அம்மா வீட்டுக்குப் போயிட்டா. நேத்திக்கு மூணு ரிங்! யார் நீங்க? என்ன வேணும் உங்களுக்கு?”

“மூணுன்னா விருந்தாளி” என்றார் ஜலீல் பலவீனமாக.

“என்னது?”

“ரெண்டுன்னா மீன்.”

மறுமுனையில் வண்டி நின்ற சத்தம் கேட்டது. “என்ன மீன்?”

“அன்னன்னிக்குக் கிடைக்கிறது.”

“கடவுளே. நான் என்னென்னவோ நெனச்சேன்” என்றான் சுதீர். அவன் குரலில் நிம்மதியும் இருந்தது, கொஞ்சம் ஏமாற்றமும் இருந்தது. “சரி, நான் ஒண்ணும் அரைச்சு வைக்கலை. மன்னிச்சிடுங்க.”

ஸுப்ரியா போனை வைத்தாள். “ஆன்ட்டி நம்பருக்கு நீங்க ரீசார்ஜே பண்ணலையா? பண்ணாம விட்டா அதை எடுத்து வேற ஆளுக்குக் கொடுத்துடுவாங்க அங்கிள்.”

கையில் எந்தப் போன் இருந்ததோ அதற்கே பணத்தைக் கொடுத்துவிட்டு ஜலீல் வெளியேறினார். இரண்டு நாள் அலைச்சல், நாலைந்து போன், பத்து விரல். கடைசியில் எதை வாங்கினார் என்று அவருக்கே தெரியாது. செருப்பையும் மறந்துவிட்டார், ஸுப்ரியா ஓடி வந்து கொடுத்தாள்.

படகில் வரும்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. வந்ததும் எழுந்து நின்றுவிட்டார். படகுக்காரன் திட்டி உட்கார வைத்தான். ஆறு வருஷமாக ரிங் மீசைக்குப் போயிருக்கிறது. சரி. அப்படியானால் தேங்காயை அரைத்தது எப்படி? இலையைக் கூடுதலாகப் போட்டது எப்படி?

வீட்டுக்கு வந்ததும் மனைவி முன்னால் உட்கார்ந்தார். “சுல்ஃபத்தே, உண்மையைச் சொல்லு. உன் போன்ல ஆறு வருஷமா ஒரு ரிங்கும் வரலை. உண்டா இல்லையா?”

சுல்ஃபத் நிஸாவைப் பார்த்தாள். நிஸா மின்விசிறியைப் பார்த்தாள்.

“வரலை” என்றாள் சுல்ஃபத்.

“அப்போ நான் மீன் வாங்கினது உனக்கு எப்படித் தெரியும்?”

“அது... தெரியும்.”

“எப்படி?”

“மனசுல தோணும்ங்க.”

ஜலீல் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். கண் நிறைந்துவிட்டது. “டவர் இல்லாமலா?”

“ம்.”

“நான் கலூர்ல இருந்தப்போ மட்டும் ஏன் தோணலை?” கேட்டவரே பதிலையும் கண்டுபிடித்தார். “கலூர்ல நான் போன் போன்னே நெனச்சிட்டிருந்தேன். மனசு கலங்கிடுச்சு. அதான் வந்து சேரலை. இல்லையா?”

“அப்படித்தான் இருக்கும்” என்றாள் சுல்ஃபத், அரிசிப் பானைப் பக்கம் பார்த்துக்கொண்டு. சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு ஏதோ உறைத்திருக்க வேண்டும். “ஆனா சனிக்கிழமை மட்டும் இந்தப் புதுப் போன்லேருந்து நிஸாவுக்கு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. எத்தனை பேருன்னு.”

“உன் மனசை நீயே சந்தேகப்படறியா?”

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ஜலீல் பஜார் ரோடு முழுக்க நடந்து இதைச் சொன்னார். மீன்கூடை அருகில் சொன்னார். சாயாக்கடையில் சொன்னார். அப்பளக்கடை வெங்கிடாசலத்திடம் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். “ஆறு வருஷம் சாமி! கம்பி இல்லை, டவர் இல்லை. இங்கேருந்து அங்கே!” என்று தன் நெஞ்சையும் வீட்டுப் பக்கத்தையும் மாறி மாறிக் காட்டினார். யாரும் சிரிக்கவில்லை. ஆனால் தெரு முழுக்க ஒரே இருமல். வெங்கிடாசலத்துக்குப் புரையேறி, கமலாக்ஷி மாமி உள்ளேயிருந்து தண்ணீர் கொண்டுவர வேண்டியிருந்தது.

சனிக்கிழமை காலை சுல்ஃபத் வாசல் வரை வந்து, “நிஸா போனுக்கு ஒரு வார்த்தை” என்றாள்.

ஜலீல் அவள் எதிரிலேயே புதுப் போனை அணைத்துப் பாக்கெட்டில் போட்டார். “மனசைக் கலக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டு, தெளிந்த நீரோடைபோல் நடந்து போனார். நிஸா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“உம்மா, என்ன காரியம் பண்ணி வச்சிருக்கீங்க!”

ஆலுவாவில் ஐந்து பேர் என்றுதான் பேச்சு. டயர் வியாபாரி, மனைவி, பையன், ஒரு அத்தை, ஒரு மாமா. டெம்போ வேனில் ஏறியதோ பதினொரு பேர். “வண்டி பெரிசா வந்துடுச்சு, இடம் வீணாகுமேன்னு...” என்றார் டயர் வியாபாரி.

ஜலீல் பதறவில்லை. ஆற்றோரமாக ஒதுங்கி நின்று, பெரியாற்றைப் பார்த்து, கண்ணை மூடினார். ‘பதினொண்ணு. சுல்ஃபத்தே, பதினொண்ணு.’ வேனிலிருந்து பார்த்தவர்கள் பெரியவர் துஆ செய்கிறார் என்று நினைத்து, பதினொரு பேரும் மரியாதையாகத் தலை குனிந்தார்கள். நல்ல குடும்பம் என்று பையனின் அம்மா முடிவு செய்தது அங்கேதான்.

வீட்டில் ஐந்து பேருக்கு நெய்ச்சோறு தயாராகிக்கொண்டிருந்தது.

வேன் பெரியது, பின்பக்கச் சந்தில் நுழையாது. பஜார் ரோடு வழியாகத்தான் வர வேண்டும். வந்தது; வந்த வேகத்தில் அரிசி லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. சுமைதூக்கும் ஆட்கள் வேனுக்குள் எட்டிப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவன் விரலை மடக்கி எண்ணியதுபோல்கூட இருந்தது. அதன் பிறகு மூட்டைகள் மிக மிக நிதானமாக இறங்கின. இரண்டு மூட்டை லாரிக்குத் திரும்பி ஏறியதாகவும் சொல்கிறார்கள், நான் பார்க்கவில்லை.

ரயீஸ் தட்டு நிறையச் சாயாவோடு ஓடி வந்தான். “இக்கா, பதினொண்ணும் உங்களுக்கு ஒண்ணும். சர்க்கரை வியாதி யாருக்காவது உண்டா? ஆட்டிறைச்சி எல்லாரும் சாப்பிடுவாங்கதானே?”

“சாயா குடிக்கிறதுக்கு ஆட்டிறைச்சி எதுக்குடா?”

“சும்மா கேட்டேன் இக்கா.”

முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஜலீலின் நெற்றியில் வியர்வை கோத்திருந்தது. ஆனால் நம்பிக்கை குறையவில்லை. கடைசியாக வீட்டு வாசலில் இறங்கி, பதினொரு பேரையும் முன்னால் விட்டு, அவர் பின்னால் படியேறினார்.

உள்ளே பதினொரு தட்டு வைத்திருந்தது.

பூப்போட்ட தட்டு நாலு, நீலக் கரை மூன்று, எவர்சில்வர் இரண்டு, மயில் படம் போட்டது ஒன்று, நிலா வடிவத்தில் ஒன்று. நெய்ச்சோறு மூன்று வெவ்வேறு பாத்திரத்தில் மூன்று வெவ்வேறு நிறத்தில் இருந்தது. ஆட்டுக் குழம்பு, நெய்மீன் வறுவல், அரிசிமாவுப் பத்திரி. அப்பளம் மலைபோல். பாயசம் வைத்திருந்த தூக்கில் ‘வெங்கிடாசலம் – கமலாக்ஷி, கிரகப்பிரவேசம்’ என்று பெயர் வெட்டியிருந்தது. சுல்ஃபத் மூச்சு வாங்கிக்கொண்டு, ஆனால் சிரித்துக்கொண்டு நின்றாள்.

இதையெல்லாம் ஜலீல் கவனிக்கவில்லை. அவர் தட்டுகளை எண்ணினார். திரும்ப எண்ணினார். மூன்றாம் முறை எண்ண முடியவில்லை, கண்ணை மறைத்தது.

“அஞ்சு பேருன்னுதானே சொல்லியிருந்தோம்? பதினொண்ணு எப்படிம்மா உங்களுக்குத் தெரிஞ்சுது?” என்று பையனின் அம்மா கேட்டாள்.

சுல்ஃபத் வாயைத் திறப்பதற்குள் ஜலீல் முந்திக்கொண்டார். பெரியாறு முதல் மட்டாஞ்சேரி வரை ஒரு மனசு இன்னொரு மனசுக்கு எப்படிச் செய்தி அனுப்பும் என்பதை அவர் சொல்லச் சொல்ல, பதினொரு பேரும் வாயில் வைத்த பத்திரியை மெல்ல மறந்து கேட்டார்கள். அத்தை அழுதே விட்டாள். டயர் வியாபாரி தன் மனைவியைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் குறை இருந்தது.

“இப்படி ஒரு வீட்டுல வளர்ந்த பொண்ணுக்கு நாங்க இனி என்ன பார்க்கணும்?” என்றார் அவர் எழுந்து. “நிக்காஹ் எப்போ வச்சுக்கலாம்?”

நிஸா அடுக்களைக் கதவுக்குப் பின்னால் தன் உம்மாவின் தோளைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

வேன் புறப்பட்டுப் போனது. தெருவே வாசலில் கூடியிருந்தது: ரயீஸ், வெங்கிடாசலம், கமலாக்ஷி மாமி, சுமைதூக்கும் ஆட்கள் நாலு பேர். அவரவர் தட்டுக்காக நிற்கிறார்கள் என்பது ஜலீலுக்குத் தோன்றவில்லை. தன்னை வாழ்த்த வந்திருப்பதாக நினைத்து ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் குலுக்கினார். பிறகு பாக்கெட்டிலிருந்து புதுப் போனை எடுத்து, ஆன் பண்ணி, இடது கைச் சுண்டு விரலை வைத்து, பூப்போலத் திறந்து, எல்லோருக்கும் காட்டினார்.

“இது சும்மா அலங்காரத்துக்குத்தான்” என்றார் பெருமையோடு. “நமக்கு எதுக்கு இதெல்லாம்?”

மீன்கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அமுதவள்ளி கூட்டத்தை விலக்கி வந்தாள். ஜலீலின் கையிலிருந்த போனைப் பார்த்தாள். முகம் மலர்ந்து, உள்ளே எட்டிக் குரல் கொடுத்தாள்:

“இத்தா, இக்காவும் போன் வாங்கிட்டாரே! இனிமே அவர் மீன் வாங்கினதையும் ஆள் கூட்டிட்டு வர்றதையும் நாங்க உங்க அரிசிப் பானைப் போனுக்கு மெசேஜ் போட வேண்டாம்தானே? ‘இக்கா எங்கே’ன்னு நாம நாப்பத்திமூணு பேர் வச்சிருக்கோமே, அந்தக் குரூப்பைக் கலைச்சிடலாமா?”